மாலேயின் கிணறுகளுக்கு என்ன நடந்தது?



கொஞ்சம் நீண்ட பதிவு. அவசரமில்லை, இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற வாரம் எமது பள்ளிவாசலில் ஒரு பேச்சு எழுந்தது. வுழூச் செய்யும் இடத்தைப் பெருப்பிக்க வேண்டும், பழைய கிணறு அதற்கு இடைஞ்சலாக இருக்கிறது, பைப் தண்ணீர் வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது, ஆகவே கிணற்றை மண் போட்டு நிரப்பிவிடலாம் என்று. யாரும் பெரிதாக மறுக்கவில்லை. ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், “நிரப்புவானேன், அதையே கழிவுக் குழியாக்கினால் புதுக் குழி வெட்டுற காசு மிச்சம்தானே” என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். நாமும் அன்று வாய் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் தீர்மானிப்பதாக எழுந்து போனோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மாலே ஞாபகம் வந்தது.

மாலைதீவு எங்களுக்குத் தூரத்து நாடல்ல. சம்பலுக்கு இடிக்கும் மாசி அங்கிருந்து வருகிறது. பிரித்தானியர் காலத்தில் அந்நாட்டு சுல்தான்கள் ஆண்டுதோறும் தூதுக்குழுவை அனுப்பியது இலங்கை ஆளுநரிடம்தான். 1887 இல் அது பிரித்தானியப் பாதுகாப்பின் கீழ் வந்தபோது அந்த ஏற்பாடும் கொழும்பு வழியாகவே நடந்தது. நமது ஆசிரியர்கள் எத்தனையோ பேர் அங்கே படிப்பிக்கப் போய் வந்திருக்கிறார்கள். அப்படிப் போய் வந்த ஒரு மூத்த ஆசிரியர் ஒருமுறை ஸ்டாஃப் ரூமில் சொன்னது: “அங்க பழைய பள்ளிகள்ல கிணறு இருக்குது. தண்ணிதான் வாயில வைக்க ஏலாது.” அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கியதுதான் இந்தப் பதிவு.

1343 இல் இப்னு பதூதா மாலைதீவுக்கு வந்தார். அங்கே காழியாகக் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு நமது பாவா ஆதம் மலைக்கும் ஏறிப் போனவர். அவர் எழுதிவைத்த பயணக் குறிப்புகளில் அந்த மக்களின் சுத்தத்தைப் பற்றி வியந்து சொல்கிறார். வெயிலும் வியர்வையும் காரணமாக அநேகர் நாளுக்கு இரண்டு தடவை குளிப்பார்கள் என்கிறார். கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்கக் கயிறும் வாளியும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. இரண்டு முழம் அளவு கைபிடி வைத்த அகப்பை போன்ற ஒன்றால் எட்டி அள்ளினார்கள். கிணறு அவ்வளவு ஆழமற்றது. இன்றைக்கும் அங்குள்ள கிராமத் தீவுகளில் நீண்ட தடியில் தகரப் பேணி கட்டிய ‘தானி’ என்ற சாமானை கிணற்றடிகளில் காணலாம். 1650-களில் பவளக் கல்லால் கட்டப்பட்ட மாலேயின் ஜும்ஆப் பள்ளிவாசலைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். மாலைதீவில் பழைய பள்ளிவாசல் என்றால் பக்கத்தில் கிணறும் இருக்கும். அதில் அள்ளி வுழூச் செய்து, கல் பதித்த பாதையால் உள்ளே போவார்கள்.

ஒரு ஆறு இல்லை, குளம் இல்லை, மலை இல்லை. சுற்றிவரக் கடல். மாலேத் தீவு பழைய காலத்தில் ஒரு சதுர கிலோமீற்றரை ஒட்டிய பரப்புத்தான். அங்கே கைக்கு எட்டும் ஆழத்தில் நல்ல தண்ணீர் எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை எங்கள் வளவுகளிலும் இருக்கிறது. நமது மூத்தவர்கள் கடற்கரையில் தோணி வலிக்கப் போனால், தாகத்துக்கு மணலில் பூவல் தோண்டிக் குடித்தார்கள். அலை அடிக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இனிப்பான தண்ணீர். சின்ன வயதில் அது கடல்தண்ணி மணலில் வடிந்து உப்புக் குறைந்து வருவது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அது பிழை. மணல் உப்பை வடிக்காது. அது முழுக்க மழைத் தண்ணீர். பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீரின் மேல் நிற்கிறது. கடல்நீர் கொஞ்சம் கனமானது, மழைநீர் இலேசானது. சமையலறையில் தண்ணீருக்கு மேல் தேங்காயெண்ணெய் நிற்பதைப் போல. நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும், ஒரு கண்ணாடி வில்லையின் வடிவத்தில் அது இருக்கும்.

ஒல்லாந்துப் பொறியியலாளர் கைபன் 1880-களின் கடைசியிலும், ஜேர்மனியர் ஹெர்ஸ்பெர்க் 1901 இலும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். இடத்துக்கு இடம் இது மாறும். பவளத்தீவுகளில் அவ்வளவு தடிப்பு இராது. ஆனால் கணக்கை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடி இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் கீழே உவர்நீர் நாற்பது அடி மேலே வரும். மேல் மட்டத்தைப் பார்த்து “கிணற்றில் தண்ணி இருக்குதுதானே” என்று இருப்போம். வற்றுவது அடிப்பக்கத்தால்.

மாலேயில் அதுதான் நடந்தது. அதுவும் ஒரு தலைமுறைக்குள்.

1960-களில் மாலேயின் சனத்தொகை பத்துப் பன்னிரண்டாயிரம் அளவில். 1972 இல் உல்லாசப் பிரயாணிகளுக்கான முதல் விடுதித் தீவுகள் திறக்கப்பட்டன. வேலை, படிப்பு, ஆஸ்பத்திரி எல்லாம் தலைநகரத்தில் என்றானதும் வெளித்தீவு மக்கள் அங்கே குவிந்தார்கள். 1977 குடிசன மதிப்பீட்டில் 29 ஆயிரத்தைத் தாண்டியது. 1990 இல் 55 ஆயிரம். 2000 இல் 74 ஆயிரம். 2006 இல் ஒரு லட்சத்துக்கு மேல். இடையில் கடலை நிரப்பித் தீவைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கினார்கள். கல்லும் மண்ணும் போட்டால் நிலம் கூடும். நிலத்தடித் தண்ணீர் அதே வேகத்தில் கூடாது.

மாலைதீவு வீடுகளின் பின்பக்கத்தில் ‘கிஃபிலி’ என்று ஒன்று இருக்கும். சுவர் சூழ்ந்த, கூரையில்லாத குளிக்குமிடம். கிணறு அதற்குள்ளேயே. வளவு பெரிதாக, குடும்பம் சிறிதாக இருந்தவரை ஒரு கரைச்சலும் இல்லை. வளவு துண்டாடப்பட்டு, மதில்கள் எழும்பி, மலசலகூடக் குழியும் கிணறும் பத்து இருபது அடிக்குள் வந்தபோது, குழியில் போனது கிணற்றில் வந்தது. 1978 இல் கொலரா பரவியது. (நமது மூத்தவர்களுக்கு அந்த வருடம் மட்டக்களப்பைப் புரட்டிய சூறாவளி வருடம்.) கிருமி வந்தது கிணற்றுத் தண்ணீரால் என்பது தெரிந்ததும் குடிப்பதற்கு மழைநீரைப் பிடித்து வைக்கும் பொதுத் தாங்கிகள் கட்டப்பட்டன. கிணறு குளிக்கவும் கழுவவும் மட்டும் என்றானது.

அடுத்து நடந்ததுதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது.

கொலராவுக்குப் பயந்த நகரம், சரியான காரியமென்று நினைத்து, 1985 இலிருந்து 1988 வரை கழிவுநீர்க் குழாய்த் திட்டம் ஒன்றைக் கட்டியது. மலசலகூடத் தண்ணீர் எல்லாம் குழாயில் சேர்ந்து கடலுக்குப் போகும். கிணற்றில் அழுக்குச் சேராது. சுகாதாரக் கணக்கில் இதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் மலசலகூடத்தில் ஊற்றிய தண்ணீர் எங்கிருந்து வந்தது? அதே கிணற்றிலிருந்து. முன்பு இறைத்த தண்ணீர் அழுக்காகவாவது திரும்பி மணலுக்குள் இறங்கியது. இப்போது ஒவ்வொரு வாளியும் கடலுக்குப் போனது. வீடுகளில் மின்சார மோட்டர்களும் வந்துவிட்டன. கையால் அள்ளுகிறவன் பத்து வாளியோடு களைத்துவிடுவான், மோட்டருக்குக் களைப்பில்லை. கூரையும் சீமெந்தும் மூடிய நிலத்தில் மழை இறங்க இடமும் குறைந்தது. மேலே வரவு குறைந்து, பக்கத்தால் செலவு கூடி, அடியால் உவர் ஏறியது.

மாலேக்கு மழை குறைவென்று நினைத்துவிட வேண்டாம். அங்கே வருடத்துக்கு 2,000 மில்லிமீற்றரை ஒட்டிப் பெய்கிறது. மட்டக்களப்பில் பெய்வதை விட அதிகம். உலகில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்றதும் நமக்குப் பாலைவனமும் ஒட்டகமும்தான் கண்ணுக்குள் வருகிறது. நம்மை விட அதிக மழை பெறும் ஊர், தன் கிணறுகளை இருபது முப்பது வருடத்தில் இழந்திருக்கிறது.

1987 ஏப்ரலில் பெரும் அலைகள் எழுந்து மாலேக்குள் கடல் புகுந்தது. அந்த அதிர்ச்சியோடு, அதே வருடம் ஒக்டோபரில் ஜனாதிபதி மஃமூன் அப்துல் கையூம் ஐ.நா. பொதுச் சபையில் பேசினார். பூமி சூடாகிறது, கடல் உயர்கிறது, எங்களைப் போன்ற சின்ன நாடு அழிந்துபோகும் என்று உலகத்துக்குச் சொன்ன முதல் தலைவர்களில் அவர் ஒருவர். பெரிய பேச்சு, துணிச்சலான பேச்சு. பிறகு 2009 இல் ஜனாதிபதி நஷீத் தன் அமைச்சர்களைக் கூட்டிக்கொண்டு கடலுக்கடியில் அமைச்சரவைக் கூட்டம் நடத்தியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். இரண்டும் தேவையான காரியங்கள்தான். ஆனால் கையூம் நியூயோர்க்கில் கடல் மேலால் வரப்போவதைச் சொன்ன அதே வருடத்தில், அவருடைய நகரத்துக்கு அடியால் கடல் ஏற்கனவே வந்துகொண்டிருந்தது. அதைப் படம் பிடிக்க முடியாது. ஆகவே செய்தியாகவும் வரவில்லை.

1988 இல் மாலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் முதல் இயந்திரம் வந்தது. நாளொன்றுக்கு 200 கன மீற்றர், அதாவது 2 லட்சம் லீற்றர். (அதே வருடம் நவம்பரில் நமது நாட்டு இயக்கம் ஒன்றின் ஆட்கள் தோணியில் போய் அந்த நகரத்தைப் பிடிக்கப் பார்த்தது வேறு கதை, இன்னொரு நாளைக்கு எழுதுவோம்.) 1995 இல் மாலே நீர் கழிவுநீர்க் கம்பனி உருவாகி, வீட்டுக்கு வீடு குழாய் போனது. இன்றைக்கு அந்த நகரம் குடிப்பது, சமைப்பது, குளிப்பது எல்லாம் கடலிலிருந்து இயந்திரம் பிழிந்தெடுக்கும் தண்ணீர். இயந்திரத்துக்கு மின்சாரம், மின்சாரத்துக்கு டீசல், டீசலுக்குக் கப்பல்.

நாம் இதைக் குறையாகச் சொல்லவில்லை. இரண்டு சதுர கிலோமீற்றருக்குள் ஒரு லட்சம் பேர் என்றான பிறகு எந்தக் கிணறும் அவர்களைத் தாங்கியிராது. அந்தக் குழாய் வந்ததால் எத்தனை பிள்ளைகள் வயிற்றோட்டத்திலிருந்து தப்பியிருக்கும். குழாய் வந்த நாளில் மாலேக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள், சரியாகத்தான் சந்தோஷப்பட்டார்கள். ஒரே ஒரு விடயம். குழாய் வந்தபோது அவர்களிடம் இரண்டாவது தண்ணீர் இல்லாமல் போயிருந்தது.

2014 டிசம்பர் 4. அந்தக் கம்பனியின் நிலையத்தில் தீப்பிடித்தது. அன்றிரவே நகரம் முழுக்கக் குழாய் நின்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். கடைகளில் போத்தல் தண்ணீருக்கு அடிபாடு. இந்தியா ஆகாய விமானங்களில் தண்ணீர் ஏற்றி அனுப்பியது, பிறகு கப்பல் அனுப்பியது. சீனாவும் பங்களாதேஷும் உதவிக்கு வந்தன. பணக்கார உல்லாச விடுதிகளின் நாடு, வாளியோடும் கேனோடும் வரிசையில் நின்றது. வழமைக்குத் திரும்ப ஒரு வாரத்துக்கும் மேல் சென்றது. நூறு வருடத்துக்கு முன்பு இப்படி ஒரு தீ மாலேயில் பிடித்திருந்தால் யாருக்கும் தாகம் எடுத்திருக்காது. ஒவ்வொரு வளவிலும் ‘தானி’யால் எட்டி அள்ளியிருப்பார்கள்.

இனி எங்கள் கரைக்கு வருவோம்.

2004 டிசம்பர் 26 ஐ யாருக்கும் எழுதிக் காட்டத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். அந்தக் கணக்கின் பக்கத்தில் கிணற்றைப் பற்றிப் பேசுவதே ஒரு மாதிரித்தான் இருக்கிறது. ஆனாலும் உயிர் தப்பினவர்களுக்கு மறுநாள் தேவைப்பட்டது தண்ணீர். கிழக்கிலும் தெற்கிலும் பல்லாயிரக்கணக்கான கிணறுகளுக்குள் கடல் இறங்கியிருந்தது. மணலும் குப்பையும், சில கிணறுகளில் சொல்ல முடியாதவையும் கிடந்தன.

கிணற்றைத் துப்புரவாக்க வேண்டும் என்று எல்லோரும் புறப்பட்டோம். வெளியூர் நிறுவனங்கள் பெரிய மோட்டர்களோடு வந்தன. இளைஞர்கள் தன்னார்வமாக இறங்கினார்கள். இறைத்தார்கள், மணலை அள்ளினார்கள், குளோரின் போட்டார்கள். சேறும் குப்பையும் போனது. உப்புப் போகவில்லை. “இன்னும் இறைக்க வேணும்” என்று மீண்டும் இறைத்தார்கள். மூன்றாம் தரம், நாலாம் தரம். சில கிணறுகள் இறைக்க இறைக்கக் கூடுதலாக உவர்த்தன. அதைக் கண்டு, “உப்பு நிலத்துக்குள்ளே ஆழமாகப் போய்விட்டது, இந்தக் கிணறு இனிச் சரிவராது” என்று கைவிட்டார்கள்.

மேலே சொன்ன நாற்பது அடிக் கணக்கை இங்கே கொண்டுவந்து வையுங்கள். ஊறிவர அவகாசம் கொடுக்காமல் இறைத்தபோது, மேலே மிதந்த கொஞ்ச நன்னீரும் போய், அடியில் கிடந்த உவர் குவிந்து மேலெழும்பியது. போதாக்குறைக்கு இறைத்த உவர்நீரைக் கிணற்றடியிலேயே ஊற்றினோம். அது திரும்ப உள்ளே வடிந்தது. பத்தரமுல்லையிலுள்ள சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மட்டக்களப்புக் கரையில் கிணறு கிணறாக மாதக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். அவர்கள் சொன்னதன் சாரம்: குப்பையை எடுப்பதற்கு மெதுவாக ஒருமுறை இறையுங்கள், உப்பை எடுப்பதற்காகத் திரும்பத் திரும்ப இறைக்காதீர்கள், உப்பை மழை பார்த்துக்கொள்ளும். 2005 இன் ஆரம்பத்தில் இப்படியான வழிகாட்டல்கள் அச்சிலும் வந்தன. அதற்குள் நம்மில் பலர் இறைத்து முடித்திருந்தோம்.

மழை பார்த்துக்கொண்டது. ஒன்றிரண்டு மாரி பெய்த பிறகு பெரும்பாலான கிணறுகள் பழைய சுவைக்குத் திரும்பின. அல்ஹம்துலில்லாஹ். யாரும் எதுவும் செய்யாமல் விட்ட கிணறுகளும் திரும்பின. இதை நாம் பாடசாலையில் சுனாமி நினைவு தினத்தில் ஒருமுறை பிள்ளைகளுக்குச் சொன்னபோது, ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: “அப்ப சேர், எங்கட கிணத்த அந்த நேரம் மூடிட்டாங்களே?” பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் வளவிலும் ஒன்றை அப்போதே மூடினோம்.

நூறு வாளி நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று வாளி கடல்நீர் சேர்ந்தாலே குடிக்கும் சுவை போய்விடும். அவ்வளவு மெல்லிய விளிம்பில்தான் நமது கரையோர ஊர்கள் எல்லாம் இருக்கின்றன. ஒருபக்கம் கடல், மறுபக்கம் களப்பு அல்லது வயல், நடுவில் மணல் கீலம். அந்த மணலுக்குள் மாரியில் பெய்ததுதான் சேமிப்பு. மாலேக்கும் நமக்கும் வித்தியாசம் அளவில் மட்டும்தான், அமைப்பில் இல்லை.

மாலே செய்ததை எல்லாம் நாம் இப்போது ஒவ்வொன்றாகச் செய்கிறோம். சீதனத்துக்கு வளவைப் பிரித்துப் பிரித்து, மூத்தவாப்பாவின் ஒரு வளவில் இன்று நாலு வீடு, நாலு மலசலகூடக் குழி. நமது கொட்டுக் கிணற்றுக்கும் மதிலுக்கு அப்பால் அடுத்த வீட்டுக் குழிக்கும் எத்தனை அடி என்று அளந்து பார்த்தவர் எத்தனை பேர்? தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: நெருக்கமான ஊர்களில் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் குடியுங்கள் என்று இந்தப் பதிவு சொல்லவில்லை. குடிப்பதற்குக் குழாய் நல்லது.

முற்றமெல்லாம் சீமெந்து அல்லது கல் பதித்தாகிவிட்டது. மழை பெய்தால் முற்றத்திலிருந்து ரோட்டுக்கு, ரோட்டிலிருந்து கானுக்கு, கானிலிருந்து கடலுக்கு. பிறகு “ஊருக்குள் வெள்ளம்” என்று நாமே படம் பிடித்துப் போடுகிறோம். அதே ஊர் ஆவணியில் கச்சான் காற்றடிக்கும்போது பவுசருக்குக் காத்து நிற்கிறது.

குழாய்த் தண்ணீரும் வானத்திலிருந்து குழாய்க்குள் இறங்குவதில்லை. மட்டக்களப்புப் பக்கத்துக்கு உன்னிச்சைக் குளம், அம்பாறைக் கரையோரத்துக்குக் கொண்டவட்டுவான் குளம். இரண்டும் வயலுக்கும் தண்ணீர் கொடுக்கும் குளங்கள். 2016 இன் கடைசியிலும் 2017 இலும் நாட்டில் நாற்பது வருடத்தில் இல்லாத வரட்சி வந்தபோது குளங்கள் எப்படிக் கிடந்தன என்று வயல் செய்கிறவர்களைக் கேளுங்கள். காலநிலை மாறுவதைப் பற்றி விஞ்ஞானிகள் சொல்லும் சிக்கலான விடயங்களில் நமக்குப் புரிகிற ஒன்று இது: மழை வந்தால் ஒரேயடியாகக் கொட்டும், இடைவெளி விட்டால் நீளமாக விடும். கொட்டும்போது பிடித்து வைக்கவும், விடும்போது எடுத்துக் கொடுக்கவும் எங்களிடம் இருக்கும் ஒரே பெரிய தாங்கி காலடியில் கிடக்கும் மணல்தான். அதற்கு யாரும் கடன் எடுக்கத் தேவையில்லை, டெண்டர் தேவையில்லை. கிணறு என்பது அந்தத் தாங்கிக்கு நாம் வைத்திருக்கும் கதவு.

இதனால்தான் கிணற்றைக் கழிவுக் குழியாக்கும் யோசனையைக் கேட்டதும் மனம் சரியில்லாமல் போனது. சாதாரணக் குழியில் ஊற்றுவது கொஞ்சமாவது மணலில் வடிந்து இறங்கும். கிணற்றுக்குள் ஊற்றுவது நேரே நிலத்தடித் தண்ணீருக்குள் போய் விழும். நமது ஒரு கிணறு மட்டுமல்ல, மதிலுக்கு அடுத்த பக்கம் யாரோ ஒரு விதவைத் தாயின் கிணறும் அதே தண்ணீர்.

பள்ளிக் கிணறு இன்னொரு வகையில் வித்தியாசமானது. அதை யாரோ ஒருவர் நன்மையை நாடி வெட்டிக் கொடுத்திருக்கிறார். மதீனாவில் ரூமா கிணற்றை உஸ்மான் (ரழி) அவர்கள் விலைக்கு வாங்கி மக்களுக்கு விட்டுக் கொடுத்ததை எத்தனை குத்பாவில் கேட்டிருக்கிறோம். வக்ஃபான கிணற்றை மூடலாமா கூடாதா என்பதை உலமாக்களிடம் விடுகிறோம். நாம் சரித்திரம் படிப்பிக்கிறவர்கள், பத்வா எங்கள் வேலையல்ல. ஆனால் இரவில் ஓதும் ஸூரத்துல் முல்க் எந்தக் கேள்வியோடு முடிகிறது என்பதை அர்த்தம் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

சரி, மூடாமல் என்ன செய்வது? கரும்பலகையில் போடுவது போல ஒரு கணக்கு. பள்ளிவாசல் கூரை நீளம் 100 அடி, அகலம் 40 அடி என்று வைப்போம். 4,000 சதுர அடி. ஏறத்தாழ 370 சதுர மீற்றர். வருடத்துக்கு 1,600 மில்லிமீற்றர் மழை என்றால், அந்தக் கூரையில் மட்டும் விழுவது ஐந்தே முக்கால் லட்சம் லீற்றருக்கு மேல். பெரிய பவுசர் ஒன்று 6,000 லீற்றர் என்றால் கிட்டத்தட்ட நூறு பவுசர். தெறித்தும் காய்ந்தும் போனது போகப் பாதியென்றாலும் ஐம்பது பவுசர். இப்போது அந்த நூறு பவுசரும் பீலியால் இறங்கி ரோட்டுக்குப் போகிறது. பீலியை ஒரு மணல் வடிக்கும் குழிக்குத் திருப்பிவிடலாம், முதல் மழையின் தூசியை மட்டும் வெளியே விட்டு. நேரே கிணற்றுக்குள் விட வேண்டாம், பக்கத்து மணலில் இறங்கட்டும். வுழூத் தண்ணீரையும் மலசலகூடத் தண்ணீரோடு கலக்காமல் தனியாக ஒரு மணல் குழிக்கு விட்டால், மாலே கடலுக்கு அனுப்பிய தண்ணீரை நாம் திருப்பி மணலுக்குக் கொடுக்கலாம். வுழூ இடத்தைப் பெருப்பிக்கத்தான் வேண்டும், அதில் கருத்து வேறுபாடு இல்லை. கிணற்றுக்குப் பலமான கொங்கிறீற் மூடி போட்டு, பிள்ளைகள் விழாமல் கம்பி அடித்து, ஒரு கைப்பம்பு வைத்தால் அதற்குப் போகும் இடம் நாலுக்கு நாலு அடி. மேசன் வேலை தெரிந்தவர்கள் திருத்திச் சொல்லுங்கள், இதில் எங்களை விட உங்களுக்கு அதிகம் தெரியும்.

கூட்டத்தில் இந்த முறை பேசுவதாக இருக்கிறோம். அதற்கு முன் கொஞ்சம் விபரம் கையில் இருந்தால் நல்லது. மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி அனுப்புங்கள்:

பள்ளிக் கிணற்றை வெட்டியது எந்த வருடம், யார் செலவில்? உங்கள் வளவுக் கிணறு எத்தனை கொட்டு ஆழம், கோடையில் எத்தனை கொட்டுக்கு இறங்குகிறது? சுனாமிக்குப் பிறகு எத்தனை மாதம் உவர்த்தது, எத்தனை தரம் இறைத்தீர்கள்? மூடிவிட்டீர்கள் என்றால் எந்த வருடம், இப்போது அதற்கு மேல் என்ன இருக்கிறது?

பெயர் போட விரும்பாதவர்கள் இன்பொக்ஸில் அனுப்புங்கள். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி வெளிவிறாந்தையில் கொப்பியோடு இருப்போம், வந்து சொல்வதென்றாலும் சரி.